மூக்கனுக்காக வந்த கூட்டம்

அன்று மைதானத்தில் இருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையையும் ஒரே அமுக்கில் அணைத்தவன் நான்தான். விசாரணையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

“யார் சொல்லி அணைச்சீங்க?”

“எங்க அத்தான் சொல்லி.”

“அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா?”

“இல்லீங்க. ஆனா அன்னைக்கு ஆட்டமே அவருக்காகத்தான்.”

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஊருக்கெல்லாம் மூக்கன். பதினாறு வருடம் கால்பந்து அணியில் முன்கள வீரராக ஆடி இருநூற்று முப்பத்தொரு கோல் போட்டவர். காலாலும் தலையாலும் கோல் போட்ட மனிதருக்கு மூக்கை வைத்து எப்படிப் பட்டப்பெயர் வந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

என் தொழில் மைக்செட். கூட்டமோ விழாவோ விளையாட்டோ, ஒயர் இழுத்து ஸ்பீக்கர் கட்டி, பேசுகிறவர் குரல் கடைசி ஆள் காது வரை போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு பழைய வேன் வைத்திருக்கிறேன். அதன் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் எப்போதும் கட்டியே இருக்கும்.

அத்தான் ஆடிய காலத்தில் எங்கள் குடும்பத்துக்கே அந்த மூக்குதான் முகவரி. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரோடு படம் எடுத்துக்கொண்டு, பெண் யார் என்றுகூடப் பார்க்காமல் போனார்கள். “ஆல்பத்துல என் மூஞ்சி பாதிதான் இருக்கு, மீதிய உங்க ரசிகருங்க முழுங்கிட்டாங்க” என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவர் முடிவெட்டப் போனால் கடைக்கு வெளியே ஐம்பது பேர் நிற்பார்கள். ஆட்டத்தன்று அட்டையில் கோணல் மூக்கு செய்து, நூல் கோத்து முகத்தில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் பந்தை நோக்கித் திரும்பினாலே “மூக்கா! மூக்கா!” என்று மைதானம் அதிரும். அந்தச் சத்தத்துக்கு என் பெட்டியில் ஒலி அளவைக் காட்டும் ஊசி சிவப்புக்குப் போய் நின்றுவிடும்.

பிறகு முழங்கால் போயிற்று. இரண்டு அறுவைச் சிகிச்சை. இரண்டாவதுக்குப் பிறகு மருத்துவர் கையை விரித்துவிட்டார். அணி நிர்வாகத்தில் அப்போது ஆளுக்கொரு கட்சி, சண்டை. வழியனுப்பு ஆட்டம் கூட வைக்காமல் ஒரு கடிதத்தோடு முடித்துக்கொண்டார்கள். முதல் வருடம் தெருவில் காரை நிறுத்திக் கை கொடுத்தார்கள். மூன்றாம் வருடம், “நீங்க... அவர்தானே?” என்று இழுத்தார்கள். நான்காம் வருடம் ஒரு வங்கியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அவர் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். அக்கா சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய செயலாளர் வீட்டுக்கு வந்தார். முன்னால் நடந்தது தப்பு, உங்களுக்கு முறையாக ஒரு வழியனுப்பு ஆட்டம் வைக்கிறோம், பழைய அணிக்கும் இப்போதைய அணிக்கும் நடுவே என்றார். அத்தான் சம்மதித்தார். ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“உக்கார இடம் பன்னண்டாயிரம்தான் சார். கேக்கறவங்க அதப்போல ரெண்டு மடங்கு. கிழக்குப் பக்கம் நின்னு பாக்கற இடம் ஒண்ணு பூட்டிக் கிடக்கு. அதத் திறந்தா இன்னும் நாலாயிரம் பேர விடலாம். ஆனா அதுக்கு வழி நாலாம் கேட் ஒண்ணுதான். பாதை கொஞ்சம் குறுகல். என்ன சொல்றீங்க?”

“எதுக்குங்க?” என்றாள் அக்கா. “இருக்கற இடத்துக்கு ஆள் வந்தாப் போதாதா?”

அத்தான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. “எனக்காக வர்றாங்க. வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்றியா?” என்றவர், செயலாளரைப் பார்த்து, “எல்லாரும் வரட்டுங்க” என்றார்.

அப்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் நான்கு வருடமாகப் பார்க்கவில்லை. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

*

நான்கு மணிக்கு ஆட்டம். மூன்றரைக்கே உட்காரும் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. பார்வையாளர் மாடத்துக்கு அடியில், மைதானத்தைப் பார்த்த மாதிரி ஒரு கண்ணாடி அறையில் நானும் என் பெட்டிகளும் இருந்தோம். மூன்றே முக்காலுக்கு அத்தான் உடலைச் சூடாக்கிக்கொள்ள மைதானத்துக்குள் ஓடி வந்தார். தொப்பை கொஞ்சம் போட்டிருந்தது. சட்டை இறுக்கமாக இருந்தது. யாருக்கும் அது கண்ணில் படவில்லை. பன்னிரண்டாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தியதில் கண்ணாடி கிடுகிடுத்தது. அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். மறுபடி கத்தினார்கள்.

என் போன் அடித்தது. அக்கா மகள். பத்தொன்பது வயதாகிறது, அப்பனைப் போல உயரம், இருந்தும் வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு. முதல் வரிசை பாஸ் கொடுத்தும் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். “சோபால உக்காந்து பாக்கறதுக்கு வீட்டு டிவி போதும். நான் ஃப்ரெண்ட்ஸோட நின்னு கத்தணும்” என்று, நிற்கும் இடத்துக்கு டிக்கெட் எடுத்து வந்திருந்தாள்.

“மாமா.”

குரல் அவளுடையதாகவே இல்லை. யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும்போது பேசுவது போல இருந்தது.

“எங்கடா இருக்க?”

“நாலாம் கேட்... கம்பி தெரியுது... கேட் திறக்கல. பின்னாலருந்து தள்ளிக்கிட்டே இருக்காங்க. மூச்சு... மாமா, கையக் கீழ இறக்க முடியல. பக்கத்துல ஒருத்தர் விழுந்துட்டாரு. அப்பாகிட்ட...”

அதற்குமேல் வார்த்தை இல்லை. மூக்கா, மூக்கா என்ற சத்தம்தான். ஜன்னல் வழியாகக் கேட்ட அதே சத்தம், அரை நொடி தாமதமாகப் போனிலும் கேட்டது. உள்ளே கத்தியதைக் கேட்டு, ஆட்டம் தொடங்கிவிட்டது என்று வெளியே இருப்பவர்கள் முண்டுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

அத்தான் வீரர்கள் நடைபாதையில் வந்துகொண்டிருந்தார், வேர்வையும் சிரிப்புமாக. எனக்கு முன்னாலேயே ஒரு பெண் இன்ஸ்பெக்டர் அவரிடம் போயிருந்தார். செயலாளர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“சார், கிழக்குப் பாதையில கூட்டம் நெரியுது” என்றார் இன்ஸ்பெக்டர். “இந்தப் பக்கம் மைதானச் சுவர், அந்தப் பக்கம் நீச்சல்குளத்துச் சுவர். நடுவுல நாலாயிரம் பேருக்கு மேல இருக்காங்க. டிக்கெட் இல்லாதவங்களும் சேர்ந்துட்டாங்க.”

“கேட்டத் திறங்க.”

“வெளிப்பக்கமாத்தான் திறக்கும் சார். அது மேலயே ஆளுங்க அமுங்கிக் கிடக்காங்க. ஒரு அங்குலம் நகரல.”

நான் அத்தானின் கையைப் பிடித்தேன். “அத்தான், பொடிசு அங்கதான் இருக்கா. கம்பிகிட்ட.”

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையை உதறிக்கொண்டு கிழக்குப் பக்கம் ஓடினார். நாலடி, ஐந்தடி.

“அதுதான் சரி” என்றார் செயலாளர். “நீங்க கேட்டுக்கு உள்பக்கமா போய் நின்னு, பொறுமையா இருங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். உங்க பேச்சுக்கு எல்லாரும் கட்டுப்படுவாங்க.”

“இவர் அங்க தலையக் காட்டினா பின்னால இருக்கற அத்தன பேரும் இவரப் பாக்க இன்னும் முண்டுவாங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “முன்னால இருக்கறவங்க கம்பியோட கம்பியா...” என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அத்தான் ஓடுவதை நிறுத்தினார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று விசாரணையில் கேட்டார்கள். மூன்று நொடி இருக்கலாம். அந்த மூன்று நொடியில் அவர் தோள் இரண்டும் கீழே இறங்குவதைப் பார்த்தேன். திரும்பியபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

“கூட்டத்தோட கடைசி எங்க முடியுது?”

“ரோட்டுல சார்.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் பயிற்சி மைதானம் காலியாத்தானே கிடக்கு?”

“காலியாத்தான் கிடக்கு.”

“அப்ப கடைசியிலருந்துதான் இழுக்கணும். நான் பந்து இல்லாம ஓடினாலே எதிரணியில நாலு பேர் என் பின்னால வருவாங்க. பதினாறு வருஷம் பாதி நேரம் அந்த வேலதான் பாத்தேன், பேப்பர்ல கோல் மட்டும்தான் வந்துச்சு.” என்னிடம் திரும்பினார். “மச்சான், உள்ள இருக்கற ஸ்பீக்கர் எல்லாத்தையும் அணை. பாட்டு, அறிவிப்பு எதுவும் கூடாது. நான் உள்ள இருக்கேன்னு யாருக்கும் தோணக் கூடாது. வேன் எங்க?”

“மூணாம் கேட்டுகிட்ட.”

“அணைச்சுட்டு வா.”

செயலாளர் வழியை மறித்தார். “சார், டிவில நேரலை போகுது. உள்ள பன்னண்டாயிரம் பேர் காத்திருக்காங்க. நீங்க வெளிய போனா எப்படி?”

“காத்திருக்கறவங்களுக்கு மூச்சு இருக்குல்ல?” என்றபடி அத்தான் அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போனார்.

*

வேனில் அவர் எனக்குப் பக்கத்தில், தலையை முழங்காலுக்குள் புதைத்துக் குனிந்து உட்கார்ந்தார். வழியில் யாராவது பார்த்துவிட்டால் கூட்டம் தப்பான இடத்தில் கூடிவிடும். பூட்ஸின் ஆணிகள் வேனின் தகரத்தில் தடதடவென்று ஆடிக்கொண்டே இருந்தன. இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்.

நான் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே பொடிசுக்குப் போன் அடித்தேன். “ரிங் போகுது அத்தான். எடுக்கல.”

“அடிச்சுக்கிட்டே இரு.” உடனே, “வேண்டாம், நிறுத்து. எடுக்கணும்னா அவ கையத் தூக்கணும்” என்றார்.

ரோட்டுக்குத் திரும்பியதும் இடப்பக்கம் அந்தப் பாதையின் வாய் தெரிந்தது. தலைகள், தலைகள், நடுவே அங்கங்கே அட்டை மூக்குகள். தூரத்தில் யாரோ வீறிட்டது கேட்டது. பின்னால் நின்றவர்களோ சிரித்துப் பேசிக்கொண்டு, முன்னால் இருப்பவன் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்னால் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தான் குனிந்தபடியே கதவின் பிடியைப் பற்றினார். இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிடித்த கை வெளுத்துப் போயிற்று. ஆனால் கதவைத் திறக்கவில்லை.

பயிற்சி மைதானத்தின் நடுவே வேனை நிறுத்தினேன். ஏணியில் அவர் வலது காலை மட்டும் ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்துக் கூரைக்கு ஏறினார். மைக்கைக் கொடுத்தேன்.

“ஏய்! மூக்கன் பேசறேன்! இங்க இருக்கேன்! இங்க வாங்க!”

ரோட்டில் இருந்த கொஞ்சம் பேர் திரும்பினார்கள். “டேப் போடறாங்கடா” என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு. மறுபடி பாதைப் பக்கம் திரும்பினார்கள். அத்தான் ஒரு நொடி யோசித்தார். பிறகு வேன் கூரையில் பக்கவாட்டாகத் திரும்பி, முகத்தை நன்றாக நிமிர்த்தி, அசையாமல் நின்றார். சாய்ந்த வெயிலில் அந்தக் கோணல் மூக்கு தனியாகத் தெரிந்தது. அந்த வடிவத்தைச் சுவரொட்டியிலும் பனியனிலும் பார்த்துப் பார்த்து வளர்ந்த கூட்டம் அது.

“டேய், அவர்தான்டா!”

முதலில் பத்துப் பேர். பிறகு ரோடு முழுக்க. பாதையின் வாயிலிருந்து ஆட்கள் உதிர்ந்து உதிர்ந்து ஓடி வருவதை ஏணியில் நின்று பார்த்தேன். அவர்கள் வந்து மோதியதில் வேன் ஆடியது. அத்தான் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டார்.

“உக்காருங்க! எல்லாரும் தரையில உக்காருங்க! நிக்கறவனுக்கு நான் பேச மாட்டேன். பதினாறு வருஷம் நான் ஓடினேன், நீங்க உக்காந்து பாத்தீங்க. இன்னைக்கு மட்டும் என்ன அவசரம்?”

சிரித்தபடி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களைத் தாண்டிப் பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

“ஆட்டம் எப்பண்ணே?”

“ஆட்டம் எங்க ஓடிப்போகுது? பந்துக்கே இன்னும் காத்தடிக்கல.”

கீழே இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸைக் காதில் அழுத்தியபடி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கேட் திறக்கவில்லை. இன்னும் ஆட்கள் வர வேண்டும். இவர்களைப் பிடித்து வைக்க வேண்டும். நான் அத்தானைப் பார்த்துக் கையைச் சுற்றிக் காட்டினேன், பேசிக்கொண்டே இருங்கள் என்று. அவர் கண் என் கையிலிருந்த போனுக்குப் போனது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு பேசினார்.

“இந்த மூக்கப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கதவுல இடிச்சுக்கிட்டேன்னாங்க. பொண்டாட்டி அடிச்சுட்டான்னுகூட ஒரு பேப்பர்ல எழுதினான். இன்னைக்கு நானே சொல்றேன். இறுதி ஆட்டம். கொட்டற மழை. எண்பத்தெட்டாவது நிமிஷம், ரெண்டு பக்கமும் கோல் இல்ல. அன்னைக்குக் கோலுக்கு முன்னால ஏழு தடவ நின்னு, ஏழு தடவயும் வானத்தப் பாத்து அடிச்சேன்.”

“எட்டு!” என்றது ஒரு குரல்.

“சரி, எட்டு. எண்ணிக்கிட்டா இருந்த? அப்பவே வந்து சொல்லியிருந்தா திருந்தியிருப்பேன்ல?”

மைதானமே சிரித்தது. என் பெட்டியின் ஊசியில் நான் பார்த்தேன், அவர் குரல் சமமாகவே இருந்தது. ஆனால் மைக் பிடிக்காத இடது கை முதுகுக்குப் பின்னால் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. கீழே இருந்தவர்களுக்கு அது தெரியாது.

“வலப்பக்கத்துலருந்து பந்து வருது. நான் குதிக்கறேன். அவங்க கோல்கீப்பரும் குதிக்கறாரு. அவர் கை, என் மூஞ்சி, பந்து மூணும் ஒரே இடத்துக்கு வந்துருச்சு. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ண முழிச்சா ஸ்ட்ரெச்சர்ல கிடக்கேன். தூக்கிட்டுப் போறவன் தேம்பித் தேம்பி அழறான். சரி, செத்துட்டோம்னு நினைச்சேன். ‘ஏம்ப்பா அழற?’ன்னா, ‘கோல்ணே, கோல்’ங்கறான். ‘யாரு போட்டா?’ன்னேன். ‘உங்க மூக்கு’ன்னான்.”

சிரிப்பில் அவரும் சிரித்தார். அப்படிச் சிரித்ததைத்தான் யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

அது முடிந்ததும் முதல் ஆட்டத்தைச் சொன்னார், பதினெட்டு வயதில் பதற்றத்தில் பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டு ஆடியதை. இடது காலால் அடிக்க வராது என்று சொன்ன பயிற்சியாளரை எதிர்த்து வீட்டுச் சுவரில் இரண்டு வருடம் அடித்ததைச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஆள் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்ததைச் சொன்னார். தான் போட்ட கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செலவழித்தார். பாதையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், இப்போது மெதுவாக. சிலர் சட்டை கிழிந்து, சிலர் அழுதுகொண்டு. அவர்கள் உட்காரவில்லை. ஒருவர் வேனைப் பார்த்து, “அங்க ஜனங்க சாகறாங்க, இங்க என்னடா கதை?” என்று கத்தினார். அத்தான் அவரைப் பார்த்தார். ஒரு கணம் குரல் உடைந்தது. மறுபடி பிடித்துக்கொண்டு பேசினார்.

நான்கு பதினேழுக்கு இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். “திறந்தாச்சு.”

அத்தான் உடனே நிறுத்தவில்லை. இந்தக் கூட்டம் மறுபடி அந்தப் பக்கம் பாயக் கூடாதே. ஆட்டம் இன்றைக்கு இல்லை, அடிபட்டவர்களை எடுக்க வழி விடுங்கள், ரோட்டுக்குப் போகாமல் பின்பக்கமாக வீட்டுக்குப் போங்கள் என்று நிதானமாக மூன்று முறை சொன்னார். பலர் கூச்சல் போட்டார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவர் தோளில் பட்டது. மைக்கை என்னிடம் கொடுத்தார். ஏணியில் இறங்க முடியவில்லை. நானும் இன்ஸ்பெக்டரும் தாங்கி இறக்கினோம்.

*

முப்பத்தொரு பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பொடிசுக்கு இரண்டு விலா எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. அவளை நாங்கள் பார்த்தபோது மணி ஆறு. மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். அக்கா கட்டில் ஓரத்தில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்ப்பா” என்றாள் பொடிசு. “உங்க குரல் கேட்டுச்சு. ஆனா தூரமாப் போய்க்கிட்டே இருந்துச்சு.”

அத்தான் அவள் தலையைத் தடவினார். நான் சொன்னேன், எல்லாவற்றையும். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். ரொம்ப நேரம் கழித்து, “அப்புறந்தான் முதுகுல பாரம் குறைஞ்சுச்சு” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை எங்களிடம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒருவர் இறந்து போனார். பேருந்து நடத்துநர். நாற்பத்து நான்கு வயது.

மறுநாள் அந்த வீடியோ எல்லாப் போனிலும் இருந்தது. பதின்மூன்று நொடி. வேன் மேல் அத்தான் நிற்கிறார், “செத்துட்டோம்னு நினைச்சேன்” என்கிறார், கூட்டம் சிரிக்கிறது, அவரும் சிரிக்கிறார். கீழே எழுதியிருந்தார்கள்: ஜனங்கள் நசுங்கிச் சாகும்போது மூக்கன் கதை சொல்கிறார். இரண்டே நாளில், பதினாறு வருடம் கத்திய அதே வாய்கள் மாற்றிக் கத்தின. வீட்டு மதிலில் கறுப்பு மையால் எழுதினார்கள். அட்டை மூக்குகளைக் கொண்டு வந்து வாசலில் குவித்துவிட்டுப் போனார்கள். அக்கா அவற்றைப் பெருக்கி அள்ளினாள். “வங்கியில அந்தப் பொண்ணு இப்ப பேர எழுத்துக் கூட்டிக் கேக்க மாட்டா” என்றார் அத்தான். அந்த வீட்டில் யாரும் சிரிக்காத ஒரே நகைச்சுவை அதுதான்.

விசாரணைக்கு முன்னால் வக்கீல் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார். “நீங்க கூட்டத்த வெளிய இழுத்தத மட்டும் சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் சாட்சி இருக்காங்க. மச்சான் சாட்சி இருக்காரு. நிக்கற இடத்தத் திறந்தது நிர்வாகத்தோட முடிவு. அதுல உங்களுக்குச் சம்பந்தமே இல்ல.”

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார். நீள மேசை, தட்டச்சு செய்ய ஒரு பெண், சுவரோரம் நாற்காலிகளில் அடிபட்டவர்களும் வீட்டாரும். என்னை விசாரித்து முடித்ததும் அத்தானைக் கூப்பிட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாலாம் கேட் வழி குறுகல்னு செயலாளர் என் வீட்டுல வச்சு என்கிட்ட சொன்னாரு. திறக்கலாமான்னு கேட்டாரு. என் மனைவி வேண்டாம்னா. நான்தான் எல்லாரும் வரட்டும்னு சொன்னேன்.”

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி பேனாவை மேசையில் வைத்தார். “இத நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல. பதிவு பண்ணட்டுமா?”

“பண்ணுங்க. மைதானம் நிரம்பி வழியறத இன்னொரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. வேற காரணம் எதுவும் இல்ல.”

தட்டச்சு ஒலி கேட்டது. அதற்குப் பிறகுதான் வேன் கதைக்கு வந்தார், அதையும் நான்கே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இன்ஸ்பெக்டர்தான் எழுந்து மீதியைச் சொன்னார், நிமிடக் கணக்கோடு.

அறிக்கை வந்தது. செயலாளர் பதவி போயிற்று. அத்தானுக்கு விளையாட்டு நிர்வாகத்தில் எந்தப் பொறுப்பும் மூன்று வருடம் கூடாது என்று எழுதினார்கள். பார்வையாளர் மாடத்துக்கு அவர் பெயர் வைப்பதாக இருந்ததைக் கைவிட்டார்கள். அவர் வெளியே இழுத்திராவிட்டால் சாவு இன்னும் கூடியிருக்கும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அதிகம் பேர் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அறிக்கையை அல்ல. விசாரணை நடந்த அன்று மாலை, அக்கா, பொடிசு, அத்தான், நான் நால்வரும் வெளியே வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். நடத்துநரின் மனைவி எங்கள் பக்கம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள். அத்தானுக்கு நேர் எதிரே நின்றார்.

“அந்த வேன் மேல நிக்கும்போது, உள்ள ஆள் சாகறது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா” என்றார் அத்தான்.

அந்த அம்மாவின் தாடை இறுகியது. என்னால் பொறுக்க முடியவில்லை. “அவர் பொண்ணும் அங்கதாம்மா இருந்தா” என்றேன். அத்தான் என்னை முறைத்தார்.

அந்த அம்மா மெல்லத் திரும்பிப் பொடிசைப் பார்த்தார். அவள் கை இன்னும் கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா நின்ன?”

“கம்பிகிட்டக்கா.”

“அவரு நீலச் சட்ட போட்டிருந்தாரு. பாத்தியா?”

பொடிசு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பார்த்தேன் என்று சொல்லிவிடுவாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். “தெரியலக்கா. யார் முகத்தையும் திரும்பிப் பாக்க முடியல. மன்னிச்சுக்கங்க.”

அந்த அம்மா தலையை ஆட்டினார். மழை விடுகிற மாதிரி இல்லை. கடைசியில் அக்காதான், “எங்க போகணும்? வேன் இருக்கு, வாங்க” என்றாள். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். முன்னிருக்கையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் மூவரும் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே. வழி நெடுக வைப்பர் ஓடும் சத்தம்தான். ஒரு முறை மட்டும் அந்த அம்மா, என்னிடம் சொல்கிற மாதிரி, “நான் வேண்டாம்னுதான் சொன்னேன். லீவு போட்டுட்டுப் போனாரு” என்றார்.

அவர் தெரு திரும்பும் முனைக்கு முன்னால், “இங்கயே நிறுத்துங்க” என்றார்.

“வீட்டு வாசல்லயே விடறேம்மா. மழை கொட்டுது.”

“வேண்டாங்க.” அவர் பின்னால் திரும்பி அத்தானைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை. “இவரு எங்க தெருவுக்குள்ள வந்தா கூட்டம் கூடிரும்.”

பிளாஸ்டிக் உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார். அவர் திருப்பத்தில் மறையும் வரை அத்தான் வேனை எடுக்க விடவில்லை.